ஊர்ப்பேச்சும் ஊமைப்படமும்: ரூவான் லிங்யூவின் திரைவாழ்வு (1926–1935)

ஷாங்காய் நடிகை ரூவான் லிங்யூ பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அவரது இறப்பிலிருந்தே தொடங்குகின்றன. 1910இல் பிறந்த அவர், 25 வயது நிறையும் முன்னரே, 1935 மார்ச் 8 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இத்தொடக்கம் அவரது ஒன்பதாண்டுத் திரைப்பணியை அம்முடிவுக்கான முன்கதையாகச் சுருக்கிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இளமையில் தந்தையை இழந்த ரூவான், வீட்டுவேலை செய்த தாயின் உழைப்பில் வளர்ந்தவர். 1926இல் மிங்சிங் நிறுவனத்தில் சேர்ந்தார். எனினும் 1930இல் லியன்ஹுவாவுக்கு வந்தபின்னரே திறனுக்கேற்ற பாத்திரங்கள் வாய்த்தன. அவற்றுள் தலையாயது வூ யோங்காங் இயக்கிய 'ஷென்னூ' (1934). தெய்வமகள், பரத்தை என இருபொருள் தரும் சொல் அது. மகனின் படிப்புக்காக உடலை விற்கும் தாயாக ரூவான் நடித்தார். பள்ளிவிழாவில் மகன் பாடுகையில், அவளைப் பற்றிய முணுமுணுப்பு பெற்றோர் வரிசையில் செவிவழியே பரவுகிறது. அதை அறியாத தாயின் முகத்தில் பெருமிதம் மட்டுமே மலர்கிறது. ஒலியற்ற படத்தில் ஊர்ப்பேச்சை இத்துணைத் தெளிவாகக் 'கேட்கச்' செய்த காட்சி அரிது.

அடுத்து வந்த, ட்சாய் சூஷெங்கின் 'புதிய பெண்கள்' (1935), தற்கொலை செய்துகொண்ட நடிகை ஐ ஷியாவின் வாழ்வைத் தழுவியது. நிருபர்களை இழிவுபடுத்துவதாகப் பத்திரிகையாளர் சங்கம் எதிர்த்தது, லியன்ஹுவா பணிந்தது. அதே காலத்தில், முன்னாள் துணைவர் ஜாங் தாமின் தொடுத்த வழக்கை முன்வைத்து ரூவானின் சொந்த வாழ்வைச் செய்தித்தாள்கள் அலசின. வலியோரிடம் அடங்கும் பத்திரிகை எளியோரிடம் வலிமை காட்டுகிறது என்று லூ சுன் பின்னர்ச் சாடினார்.

ஊர்ப்பேச்சு அஞ்சத்தக்கது என்னும் பொருள்படும் தொடர் ரூவானின் இறுதிக் கடிதத்தில் இருந்ததாக அச்சிடப்பட்டது. ஆனால் அக்கடிதத்தின் பாடங்கள் வேறுபடுகின்றன. அதன் நம்பகத்தன்மை இன்றும் விவாதத்துக்குரியது. அத்தொடரோ சீனத்தின் தொன்மையான பாடல் தொகுப்பில் காதலி ஒருத்தியின் கூற்றில் வேர்கொண்டது. நம் அகமரபின் 'அலர்' என்னும் கருத்துக்கு நெருக்கமானது. பொது வழக்காகிவிட்ட ஒரு தொடர் இத்துணைப் பொருத்தமாக அமைந்திருப்பதே ஐயத்துக்கு இடமளிக்கிறது.

கடிதத்தைவிடப் படச்சுருள்களே உறுதியான சான்றுகள். அழிந்ததாகக் கருதப்பட்ட 'காதலும் கடமையும்' (1931) படத்தின் பிரதியொன்று 1990களில் உருகுவேயில் கிடைத்தது. இளமை முதல் முதுமை வரை தாயாகவும், அத்தாயின் வளர்ந்த மகளாகவும் அதில் தோன்றுபவர் ரூவான் ஒருவரே.