காட்டிக்கொடுக்காத உடையாள்: வெட்டுடையார் காளி கதையில் வரலாறு எது?

காரைக்குடி, நேமத்தான்பட்டி பக்கம் இருந்து காளையார்கோவில் வழியா சிவகங்கை போனால், கொல்லங்குடி வரும். அங்குள்ள வெட்டுடையார் காளியம்மன் கோவிலில், ஏமாற்றப்பட்டவங்க நியாயம் கேட்டு காசு வெட்டிப் போடுவாங்க. இந்தக் காளியோடு ஒரு பெண்ணின் கதையும் சேர்ந்திருக்கு.

யார் இந்த உடையாள்?

1772-ல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். ராணி வேலுநாச்சியார் தப்பினார். அவர் போன வழியைக் காட்டச் சொல்லி எதிரிப்படை உடையாளை மிரட்டியது. வாய் திறக்காத அவரை வெட்டிக் கொன்றது. சீமையை மீட்ட நாச்சியார், தன் வைரத் தாலியையே உடையாளுக்குக் காணிக்கையாகக் கொடுத்தாராம்.

எது வரலாறு, எது நம்பிக்கை?

மன்னரின் மரணமும், 1780-ல் ராணி ஆட்சிக்குத் திரும்பியதும் வரலாறு. உடையாள் கதை வாய்மொழியாக வந்தது. மண்ணை வெட்டும்போது கிடைத்த அய்யனாரால்தான் 'வெட்டுடையார்' என்ற பெயர் வந்தது என்ற கதையும் உண்டு.

செத்தவர் எப்படி சாமி ஆகிறார்?

போரில் விழுந்தவருக்குக் கல் நட்டுக் கும்பிடுவது நம்ம பழைய வழக்கம். நடுகல் நடும் முறையைத் தொல்காப்பியமே சொல்கிறது.

ஐஸ்லாந்தின் 'சாகா' வீரகதைகளிலும் செத்தவர் திரும்பி வருவார். ஆனால் அங்கே கிரெட்டிர் என்ற வீரன், செத்தும் அடங்காத கிளாமோடு மல்லுக்கட்டி அவனை அழிக்கிறான். இங்கே வெட்டுப்பட்டவரிடமே மக்கள் நியாயம் கேட்கிறாங்க. உடையாளின் பெயர் இன்னும் மறக்காமல் இருப்பது அதனால்தான்.