எடுக்க ஆளில்லாத போன்

ஒரு ஆபீஸுக்குப் போன் போடுகிறீர்கள். நீங்கள் தேடும் ஆசாமி போன மாதமே வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த எண் இப்போது யாரிடமும் இல்லை. உங்கள் அழைப்பு எங்கே போய்ச் சேரும்?

சின்னக் கேள்விதான். ஆனால் அதற்கு நூறு வருஷத்துக்கும் மேலான சரித்திரம் உண்டு!

1878 ஜனவரியில், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஜார்ஜ் காய் என்பவர் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் திறந்தார். மொத்தம் 21 சந்தாதாரர்கள். எண்ணெல்லாம் கிடையாது. பெயரைச் சொன்னால் போதும். அந்தக் காலத்து ஆபரேட்டருக்கு ஊரே அத்துப்படி. ஆள் இல்லையென்றால், 'டாக்டர் வெளியூர் போயிருக்காருங்க' என்று அவரே சொல்லிவிடலாம்.

கான்சாஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் செய்துவந்த அல்மன் ஸ்ட்ரௌஜருக்கோ ஆபரேட்டர்கள் மேலேயே சந்தேகம். தனக்கு வரும் 'சாவு' போன்களைப் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார்கள் என்று கொதித்ததாகக் கதை சொல்வார்கள். ஆபரேட்டரே இல்லாத ஒரு கருவியை உருவாக்கி 1891-ல் காப்புரிமை வாங்கினார் மனிதர். 1892 நவம்பரில் இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் ஊரில் அது வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

மெஷின் யாருக்கும் சலுகை காட்டாது. சரி. ஆனால் அதற்கு ஆளையும் தெரியாதே! யாருக்கும் தராத எண்ணைச் சுழற்றினால்? டெலிபோன் கம்பெனிகள் மறுபடியும் மனிதரையே தேடிப் போயின. வழி தவறிய அழைப்புகளை இடைமறித்து விவரம் சொல்லத் தனி ஆபரேட்டர்கள். இதற்குப் பெயர்தான் 'இன்டர்செப்ட்'. பிறகு பதிவு செய்த குரல் வந்தது. ஜேன் பார்ப் என்ற பெண்மணியின் குரலை அமெரிக்கா முழுக்கக் கேட்டார்கள். 2003-ல் அவர் மறைந்தார்.

1975-ல் கனடாவின் நார்தர்ன் எலெக்ட்ரிக், 'எஸ்எல்-1' என்ற கம்ப்யூட்டர் எக்ஸ்சேஞ்சைக் கொண்டுவந்தது. அப்புறம் இந்த முடிவு ஒவ்வொரு கம்பெனியின் கைக்கும் வந்தது. ஒரு கம்பெனி 100 எண்களை மொத்தமாக வாங்கும். மேஜை இருப்பதோ 60. மீதி 40 எண்ணுக்கு வெளியிலிருந்து டிரங்க் லைனில் அழைப்பு வந்தால் ஆபரேட்டருக்கா, பதிவுக் குரலுக்கா, வெறும் டோனா? உள்ளே இருப்பவருக்கு ஒரு மாதிரி, வெளியாருக்கு வேறு மாதிரி என்றுகூட அமைத்துக்கொள்ளலாம். அதில் நியாயம் இருக்கிறது. உள்ளே இருப்பவர் டோன் கேட்டால் பக்கத்து மேஜையில் விசாரித்துக்கொள்வார். வெளியார் யாரைக் கேட்பார்?

அப்பாவின் பென்ஷன் விஷயமாக ஒரு ஆபீஸுக்கு இரண்டு வாரம் போன் போட்டேன். எப்போதும் 'எங்கேஜ்ட்'. 'பாவம், எவ்வளவு வேலையோ!' என்று இரக்கப்பட்டேன். நேரில் போனால், அந்த எண் எடுக்கப்பட்டு ஆறு மாதமாம்! காலி எண்ணுக்கு எங்கேஜ்ட் டோன் வரும்படி யாரோ அமைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஐந்து நிமிஷ வேலைதான். ஆபரேட்டர் பக்கம் திருப்பிவிட்டிருந்தால், எண்பது வயதுக்காரர் தினமும் 'என்னப்பா சொன்னாங்க?' என்று என் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்.