கொள்ளை என்று பெயரிடப்பட்ட நாய்

சென்ற மாதம் நம் வீட்டுக்கு ஒரு சிறு நாய் வந்து சேர்ந்தது. மூன்றரை மாதக் குட்டி. இரு உள்ளங்கைகளையும் சேர்த்தால் அடங்கிவிடும் அளவு. வளர்த்தவர்கள் பணிமாற்றலாகி வேற்றூர் செல்ல நேர்ந்ததால் அது நம் பொறுப்பில் விடப்பட்டது. வந்த நாள் முழுவதும் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. வைத்த பாலையும் ரொட்டியையும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாய் வளர்த்துப் பழகிய நண்பர் ஒருவர் உறுதியாகச் சொன்னார்: "ஒரு நாள் பட்டினி போடுங்கள், தானாக வழிக்கு வரும்."

செய்யலாமா வேண்டாமா என்று தயங்கிய வேளையில், நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் இதே அறிவுரைக்கு ஆளான மற்றொரு சிறு நாய் நினைவுக்கு வந்தது. அரண்மனையில் பிறந்து அரண்மனையிலேயே இறந்த நாய் அது. ஆனால் பிறந்த அரண்மனை வேறு, இறந்த அரண்மனை வேறு. இடையில் ஒரு போர் இருந்தது.

*

1856இல் தொடங்கிய இரண்டாம் அபினிப் போர் 1860 அக்டோபரில் முடிவை எட்டியது. இந்திய மண்ணில் விளைந்த அபினியைச் சீனத்தில் தடையின்றி விற்பது அப்போரின் பின்னிருந்த நோக்கங்களுள் ஒன்று. பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பீக்கிங் நகரை நெருங்கியபோது சியான்ஃபெங் பேரரசர் வடக்கே ஓடிவிட்டார். நகருக்கு வெளியே இருந்த யுவான்மிங்யுவான் என்னும் கோடைக்கால அரண்மனை படையினர் கையில் சிக்கியது. பட்டும் பச்சைக்கல்லும் பீங்கானும் கடிகாரங்களும் நாட்கணக்கில் சூறையாடப்பட்டன. அக்டோபர் 18ஆம் நாள், சிறைபிடிக்கப்பட்ட தூதுக்குழுவினர் பலர் வதைபட்டு இறந்ததற்குப் பதிலடியாக, அவ்வரண்மனையைத் தீக்கிரையாக்க எல்ஜின் பிரபு ஆணையிட்டார். அதே எல்ஜின்தான் 1862இல் இந்தியாவின் அரசப் பிரதிநிதியாக வந்து, மறு ஆண்டு தர்மசாலாவில் இறந்தவர்.

அந்த அரண்மனையிலிருந்து சில சிறு நாய்களும் எடுத்துச் செல்லப்பட்டன. சிங்கத்தைப் போன்ற பிடரிமயிரும் தட்டை முகமும் கொண்டு, அரசகுலத்தார் அங்கியின் அகன்ற கைமடிப்புக்குள் வைத்துச் சுமந்ததாகச் சொல்லப்படும் பீக்கினீஸ் இனம் அது. அவற்றுள் ஒன்று 99ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஜான் ஹார்ட் டன் என்னும் கேப்டனிடம் வந்தது. அதன் கழுத்தில் வெள்ளி மணிகள் இருந்ததைத் தம் நாட்குறிப்பில் அவர் எழுதியிருக்கிறார். 1861இல் அவர் அந்நாயை விக்டோரியா அரசிக்குக் காணிக்கையாக்கினார். அது செல்லமாக வளர்ந்த உயிர், அரச குடும்பத்திலும் அவ்வாறே வளர வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அந்த விருப்பம் பொய்யானது என்று நாம் கருதவில்லை. கொள்ளை நடந்த இடத்திலிருந்து திரும்பிய மனிதரும் ஒரு நாய்க்குட்டியின் நலத்தை உண்மையாகவே எண்ணியிருக்கக்கூடும். வரலாற்றில் நம்மைச் சங்கடப்படுத்துபவை இத்தகைய இடங்களே.

அந்த நாய்க்குச் சூட்டப்பட்ட பெயர் 'லூட்டி'. 'லூட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் கொள்ளைப்பொருள் என்று பொருள். அச்சொல்லே இந்தியாவிலிருந்து சென்றதுதான். வடமொழி வேரில் பிறந்து, இந்துஸ்தானியில் வழங்கி, கும்பினியாரின் வாய்வழி ஆங்கிலத்தில் குடியேறிய சொல் அது. நம் பிள்ளைகள் 'லூட்டி அடிக்கிறார்கள்' என்று சிரித்துக்கொண்டே நாமும் சொல்கிறோம். ஓசையில் இவ்வளவு நெருங்கி நிற்கும் ஒரு சொல், அங்கே ஒரு களவின் கதையைச் சின்னஞ்சிறு விலங்கின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டது. பீக்கிங்கில் அதனை என்ன சொல்லி அழைத்தார்களோ, அந்தப் பெயர் கப்பலேறவில்லை.

இக்கதையை நாம் வெளியாராக நின்று மட்டும் பார்த்துவிட முடியாது. 1860 சீனப் படையெடுப்பில் மதராஸ் சாப்பர்கள் என்னும் பொறியியல் படையினரும் இருந்தனர். தாக்கூ கோட்டைகள், பீக்கிங் 1860 ஆகிய இரண்டும் அப்படையின் போர்ச்சிறப்புப் பட்டியலில் இடம்பெற்றவை. தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்கள் பாலமிட்டும் பாதை அமைத்தும் கொடுத்த வழியில்தான் அந்தச் சேனை முன்னேறியது. அபினி போன வழியும், சொல் போன வழியும், சிப்பாய் போன வழியும் நம் துறைமுகங்களின் வழியாகவே சென்றன.

*

இனி உணவுக்கு வருவோம். லூட்டியோடு அதன் சாப்பாட்டைப் பற்றிய குறிப்பொன்றும் அரண்மனைக்குச் சென்றது. ரொட்டியும் பாலும் கொடுத்தால் அது பெரும்பாலும் தொடாது. வேகவைத்த சோற்றில் சிறிது கோழிக்கறியும் குழம்பும் பிசைந்து கொடுத்தால் உண்ணும் என்பது அதன் சாரம். சீனத்து நாய் கோழிக்கறி கேட்கிறதாமே என்று அங்கே நகைத்திருக்கிறார்கள். சற்றே பட்டினி போட்டு, சற்றே கொஞ்சினால், நல்லது எதுவோ அதைத் தின்னப் பழகிவிடும் என்பது அவர்கள் கண்ட தீர்வு.

சோற்றுக்கு ஏங்கிய ஒரு நாய். அதன் முன்னே ரொட்டி. ஊர்விட்டு ஊர் சென்று விடுதிச் சாப்பாட்டின் முன் அமர்ந்த எவருக்கும் இந்தக் காட்சி விளங்கும். தான் அறிந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே அடையாளத்தை அது நாவில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தது. அதனை அடம் என்று பெயரிட்டது மனிதரின் வசதி.

அரண்மனை அதனிடம் கொடுமையாக நடந்துகொண்டது என்றும் சொல்வதற்கில்லை. 1861இல் பிரெடரிக் கெய்ல் என்னும் ஓவியர் அதனை வரைந்தார். அளவு புலப்பட வேண்டும் என்பதற்காக அருகே பூச்சாடி ஒன்று இடம்பெற்றது. 1865இல் வில்லியம் பேம்பிரிட்ஜ் அதனைப் புகைப்படம் எடுத்தார். 1872இல் விண்ட்சரில் அது இறந்தது. பதினோரு ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்கிறது. எப்போது பழகியது, எதைக் கண்டு அஞ்சியது, எவர் மடியில் உறங்கியது என்பவை ஓவியத்துக்குள் வருவதில்லை.

*

சிறு நாயைப் பழக்கும் கலை விக்டோரியா காலத்தைவிட மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமாபுரிக் கவிஞர் மார்ஷியல், 'இஸ்ஸா' என்னும் பெண்நாயைப் பற்றி ஒரு கவிதை எழுதியுள்ளார். அந்நாய் படுக்கையை ஒருபோதும் நனைப்பதில்லை. தேவை வரும்போது காலால் மெல்லத் தொட்டு உரியவரை எழுப்பி, தன்னைக் கீழே இறக்கிவிடச் சொல்லும் என்கிறார். அதன் உரிமையாளரும் அதற்கு ஓர் ஓவியம் வரைந்து வைத்திருந்தார்.

சீனத்தில் கி.பி. 624இல் காவோசாங் நாட்டரசர் தாங் பேரரசருக்கு அனுப்பிய காணிக்கைகளுள் ஆணும் பெண்ணுமாக இரு சிறு நாய்கள் இருந்தன. ஆறு அங்குல உயரம், ஓரடிக்குச் சற்று மேற்பட்ட நீளம். கடிவாளத்தைக் கவ்விக் குதிரையை நடத்திச் செல்லவும், மெழுகுவர்த்தியை வாயில் ஏந்தவும் அவை பழகியிருந்தன என்று தாங் வரலாற்று ஏடு கூறுகிறது. அவை ஃபூலின், அதாவது பைசாந்திய நாட்டிலிருந்து வந்தவை என்றும் குறிக்கிறது. ஆக, லூட்டிக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, மேற்கிலிருந்து கிழக்கே ஒரு சிறு நாய் அரசர்களிடையே காணிக்கையாகப் பயணம் செய்திருக்கிறது.

இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். மெழுகுவர்த்தி ஏந்தியது மனிதர் நாய்க்குக் கற்பித்தது. காலால் தொட்டு எழுப்பியதோ நாய் மனிதருக்குக் கற்பித்தது. இரவில் அந்த மெல்லிய தொடுகைக்கு எழுந்திருக்க ஒருவர் பழகியிராவிட்டால் இஸ்ஸாவின் நற்பழக்கம் ஒரே வாரத்தில் கெட்டிருக்கும்.

நவீனப் பயிற்சியின் வரலாறும் இதே புள்ளியை நோக்கி மெதுவாக நகர்ந்து வந்திருக்கிறது. 1910இல் ஜெர்மானியக் காவல் அதிகாரி கொன்ராட் மோஸ்ட் எழுதிய பயிற்சி நூலில் கட்டாயத்துக்கு முதன்மையான இடம் இருந்தது. 1951இல் உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர், விலங்குகளுக்குக் கற்பிப்பது பற்றிச் 'சயின்டிபிக் அமெரிக்கன்' இதழில் எழுதினார். விரும்பிய செயலைச் செய்த கணத்திலேயே ஓர் ஒலி, உடனே ஒரு கவளம்; இவ்வளவு போதும் என்றார். 2021இல் அமெரிக்காவின் கால்நடை நடத்தையியல் சங்கம், வெகுமதி வழிப் பயிற்சியையே எல்லா நாய்களுக்கும் பரிந்துரைத்தது.

பட்டினி அறிவுரைக்கும் விடை கிடைத்துவிட்டது. மிகச் சிறிய இனக் குட்டிகள் நெடுநேரம் உண்ணாதிருந்தால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடும். நடுங்கும், தள்ளாடும், வலிப்பும் வரலாம். உயிரே போகவும் கூடும். நண்பரின் யோசனையை நாம் நிறைவேற்றியிருந்தால் குட்டி வழிக்கு வந்திராது. நம் கையைவிட்டே போயிருக்கும்.

*

முன்பு வளர்த்தவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். சோறும் வேகவைத்த கோழியும் என்றார்கள். அன்றிரவே வைத்தோம், கட்டிலுக்கடியிலிருந்து முதலில் மூக்கு மட்டும் வெளியே வந்தது. அதன்பின் நாள்தோறும் நான்கு வேளை, சிறிது சிறிதாக.

தரையில் அமர்ந்து பேசவும் பழகிக்கொண்டோம். அதன் உயரத்திலிருந்து பார்த்தால் நின்றுகொண்டிருக்கும் மனிதர் கோபுரம் போல் தெரிவார். கேட்காமல் தூக்குவதை நிறுத்தினோம். பெரிய நாய் உறுமினால் விலகுகிறோம். சிறிய நாய் உறுமினால் சிரிக்கிறோம். இரண்டும் சொல்வது ஒன்றே. அதன் சிறுநீர்ப்பை சிறியது என்பதால், தூங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் கொல்லைப்புறத்தில் அதே வேப்பமரத்தடிக்கு அழைத்துச் செல்கிறோம். வேலை முடிந்த அந்த இடத்திலேயே ஒரு துண்டுக் கோழி. வீட்டுக்குள் தவறினால் துடைத்துவிட்டு, நாம் எந்த வேளையைத் தவறவிட்டோம் என்று யோசிக்கிறோம். நாற்பது நாட்களாகின்றன. இன்னமும் வாரத்தில் இரண்டு முறையேனும் துடைக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு இலக்கியத்திலிருந்து அழகான பெயரொன்றைச் சூட்ட முதல்நாளே எண்ணியிருந்தோம். தமிழ் கற்பிப்பவருக்குப் பெயருக்கா பஞ்சம்? ஆனால் லூட்டியின் கதையை மீண்டும் புரட்டியபின் அந்த எண்ணத்தைக் கைவிட்டோம். பழைய வீட்டில் அதனை 'மணி' என்று அழைத்தார்கள். தெருவுக்கு ஒரு நாய்க்கு இருக்கும் பெயர்தான். அங்கிருந்து அது கொண்டுவந்த உடைமை அது ஒன்றே. "மணி" என்று அழைத்தால் எங்கிருந்தாலும் இரு காதுகளும் நிமிர்கின்றன.