களியும் கணிதமும்

மட்டக்களப்பு வாவி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடப்பது. அதன் ஆழமோ மிகக் குறைவு. தேசாதிபதி சேர் வில்லியம் மனிங்கின் துணைவியார் பெயரால் 1920களில் அதன் குறுக்கே எழுந்த கல்லடி இரும்புப் பாலம் பாடும் மீன்களோடு சேர்த்தே பேசப்பட்டு வந்துள்ளது. மீன்களைப் பற்றி எழுதியோர் பலர். பாலத்தின் கீழுள்ள மண்ணைப் பற்றி எழுதியோர் அரியர். பொறியியல் வரலாற்றை நோக்குவார்க்கு இரும்பினும் மண்ணே கடினமான பொருள்.

இரும்புக்குரிய கணிதம் அக்காலத்திலேயே பழையதாகிவிட்டது. தகைப்பும் விகாரமும் நேர்விகிதத்தில் அமையும் என்னும் கூக்கின் விதி 1678இல் அச்சேறியது. மெல்லிய தூண் எச்சுமையில் வளைந்து முறியும் என்பதை ஒயிலர் 18ஆம் நூற்றாண்டிற் சமன்பாடாக்கினார். உருக்கின் யங்கின் மட்டு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 200,000 நியூற்றன். அது எந்நாட்டில் வார்க்கப்பட்டாலும் இவ்வெண் பெரிதும் மாறுவதில்லை. (உப்புக் காற்று அதனை அரிப்பது வேறு கதை.) இத்தகைய எண்களைக் கொண்டு, தாளும் பென்சிலும் துணையாகவே பாலங்கள் வடிவமைக்கப்பட்டன.

களிமண் அத்தகையதன்று. அழுத்தினால் நீரை மெல்லக் கசியவிட்டுச் சுருங்கும். சுமை நீங்கினால் ஓரளவே மீளும். முன்னர் தாங்கிய மிகப் பெரிய சுமையின் தடத்தைத் தன்னுட் கொண்டிருக்கும். மண்ணின் வலிமை அதன் துணிக்கைகள் தாங்கும் அமுக்கத்தைச் சார்ந்தது, துளைநீரின் அமுக்கத்தையன்று என்பதை வியன்னாவில் 1925இல் வெளிவந்த தெர்சாகியின் நூல் நிலைநாட்டியது. எனினும் மண் எவ்வளவு தாழும் என்பதற்கு ஒரு கணிப்பு, எப்போது சரியும் என்பதற்கு வேறொரு கணிப்பு என்றே பல்லாண்டுகள் கழிந்தன. ஒரே களி இரு வேறு பொருள்கள் போல நடத்தப்பட்டது.

இப்பிளவை நீக்கிய ஆய்வில் இலங்கைத் தமிழர் ஒருவரின் பங்கு ஆழமானது. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் மாணவரும், பின்னர் பேராதனையிற் பேராசிரியரும், 1988 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தருமாக விளங்கிய அழகையா துரைராஜா (1934–1994) கேம்பிரிட்ஜில் உரோஸ்கோவின் கீழ் ஆய்வு செய்தார். அவர் சோதித்த பொருள்களுள் ஒன்று கயோலின் களி. நீர் வெளியேற விட்டும் விடாதும் நிகழ்ந்த சோதனைகளில், களி உருத்திரியும்போது உராய்வால் இழக்கப்படும் சத்தியை அவர் கணக்கிட்டார். விளைவு வியப்பூட்டும் எளிமை கொண்டது: அவ்விழப்பு துணிக்கைகளிடை நிலவும் சராசரி அமுக்கம், உருத்திரிபு, ஒரு மாறிலி ஆகிய மூன்றின் பெருக்கமே, கனவளவு மாறினும் மாறாவிடினும் அதுவே. உரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா மூவரும் 1963இல் வெளியிட்ட கட்டுரை இவ்வழியில் வந்தது. துரைராஜா அப்போது முப்பது வயதை எட்டவில்லை. தாழ்வையும் சரிவையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியில் அடக்கிய அம்மாதிரிக்குக் ‘காம் களி’ என்னும் பெயர் நிலைத்தது. காம் என்பது கேம்பிரிட்ஜ் நகரூடே ஓடும் ஆறு. மனிதர் பெயரினும் ஆற்றின் பெயர் நீண்டு வாழ்கிறது போலும்.

1968இல் உரோஸ்கோவும் பேர்லண்டும் அதனைத் திருத்தியமைத்தனர். கட்டமைப்பைச் சிறு துண்டங்களாகப் பிரித்துக் கணிக்கும் ‘முடிவுள்ள மூலக முறை’ அக்காலத்தே கணினிகளோடு வளர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு துண்டத்திற்கும் களியின் இயல்பைச் சொல்ல ஒரு சமன்பாடு வேண்டும். சில மாறிலிகளே கேட்கும் காம் களி அதற்கு நன்கு பொருந்திற்று. பிளாக்சிஸ், அபாகஸ் முதலிய கணினி நிரல்களில் அதன் திருந்திய வடிவம் இன்றும் உண்டு. பட்டியலிலிருந்து அதனைத் தேர்ந்தெடுக்கும் பொறியியலாளர் எத்தனை பேர் துரைராஜாவின் பெயரை அறிவர்?

ஆயினும் சமன்பாடு கடல் கடந்து செல்வது போல மாறிலிகள் செல்வதில்லை. ஆய்வுகூடக் கயோலினின் எண்களைக் கொண்டு மட்டக்களப்பில் ஒரு தூணுக்கும் அடித்தளம் அமைத்தல் இயலாது. வாவியின் அடியில் மணலும் வண்டலும் களியும் இடத்துக்கிடம் வேறுபடும். பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் உள்ள முகத்துவாரங்கள் மணலால் அடைபட்டும் மாரி வெள்ளத்தில் திறந்தும் வருவதால் நீரின் உப்பும் ஏறியிறங்கும். களியின் தன்மை துளைநீரின் உப்பையும் சார்ந்தது. 2013இல் யப்பானிய உதவியுடன் பழைய பாலத்தின் அருகே திறக்கப்பட்ட புதிய பாலம் போன்ற எந்த அமைப்புக்கும், கணினியை அணுகுமுன் துளையிட்டு மண்மாதிரி எடுத்து, அதனை நாட்கணக்கில் மெல்ல அமுக்கி, நீர் கசிவதைக் காத்திருந்து அளத்தல் வேண்டும். அந்தக் காத்திருப்பைக் கணினியாற் குறைக்க முடிந்ததில்லை.