எழுதப்பட்ட மஹரும் எழுதப்படாத சீரும்

வேலூரிலிருந்து பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தில், ஒரே ஷூ கம்பெனியில் அருகருகே அமர்ந்து தைக்கும் இரு பெண்களை எண்ணிக்கொள்வோம். ஒருத்தி கழுத்தில் தாலி. மற்றவள் கழுத்தில் கருகமணி. இருவரும் கணவர் வீட்டை விட்டுத் தாய்வீடு வந்துவிட்டார்கள். மணமுறிவு இன்னும் ஆகவில்லை. நகை, துணிமணி, பாத்திரம், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் அங்கேயே கிடக்கின்றன. இருவர் பொருளும் எந்த வழியாக அந்த வீட்டுக்குள் போயின, எந்த வழியாக வெளியே வர முடியும் என்பதை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. இரண்டு வழியும் வேறு வேறு என்றே பொதுவாக நம்புகிறோம். அந்த நம்பிக்கை பாதிதான் சரி.

முதலில் திசை. சீர்வரிசை பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறது. மஹர் மாப்பிள்ளையிடமிருந்து மணப்பெண்ணுக்கு வருகிறது. ஒன்றுக்கொன்று எதிர்த்திசை. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டமும் இந்த எதிர்மையை ஏற்று, மஹரை வரதட்சணை என்னும் வரையறைக்கு வெளியே நிறுத்தியது. ஆனால் இந்த வட்டார வீடுகளுக்குள் போய்ப் பார்த்தால் கோடு அவ்வளவு நேராக இல்லை. உருது பேசும் வீடுகளில் ஜஹேஸ் என்ற பெயரிலும் தமிழ் பேசும் முஸ்லிம் வீடுகளில் சீர் என்ற பெயரிலும் கட்டில், பீரோ, அண்டா, நகை எல்லாம் பெண் வீட்டிலிருந்தே போகின்றன. இந்து வீட்டிலும் முகூர்த்தப் புடவையும் பல குடும்பங்களில் தாலிக்கொடியும் மாப்பிள்ளை வீட்டார் தருபவை. இரு பெண்களுக்கும் இரு திசையிலிருந்தும் பொருள் வந்திருக்கிறது. அளவுதான் மாறுகிறது.

அடுத்தது எழுத்து. இங்கேதான் முதல் வியப்பு. நிக்காஹ் நடக்கும்போது மஹர் இவ்வளவு என்று சபையில் சொல்லி, ஜமாஅத்தின் திருமணப் பதிவேட்டில் எழுதி, சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். இரண்டாம் பெண்ணிடம் ஆவணம் இருக்கிறது. ஆனால் பல குடும்பங்களில் அந்த வரியில் இருப்பது சிறு தொகை. கூடவே போன ஜஹேஸ் பெரிது, அதற்கு வரி இல்லை. முதல் பெண்ணின் வீட்டிலும் எழுதுகிற பழக்கம் இல்லாமல் இல்லை. மண்டப வாசலில் மேசை போட்டு, எந்த ஊர் யார் எவ்வளவு மொய் வைத்தார் என்று ஒரு ரூபாய் விடாமல் எழுதுகிறார்கள். மகளோடு அனுப்பிய முப்பது பவுனுக்குத்தான் பட்டியல் கிடையாது. இரு சமூகங்களும் கணக்கு எழுதத் தெரிந்தவை. பெண்ணுக்குப் பின்னால் தேவைப்படப்போகிற கணக்கை மட்டும் இரண்டும் எழுதவில்லை.

சட்டம் இதை எதிர்பார்க்காமல் இருந்ததில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் 1985இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி மணமக்களுக்குத் தரப்படும் அன்பளிப்புகளுக்குப் பட்டியல் எழுத வேண்டும். பொருளின் விவரம், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். மணமக்கள் கையெழுத்திட வேண்டும். இவ்விதிகளுக்கு மதபேதம் இல்லை. ஆயினும் பட்டியல் எழுதினால் வரதட்சணை கொடுத்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று ஒரு தரப்பு அஞ்சுகிறது. சம்பந்தி மேல் நம்பிக்கை இல்லையா என்று மறுதரப்பு கேட்கும். இந்த அச்சத்தில் ஒரு பகுதி தேவையற்றது. வரதட்சணையாகவே வாங்கியிருந்தாலும், அதை வேறு யார் வாங்கியிருந்தாலும், மூன்று மாதத்துக்குள் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது அதே 1961 சட்டத்தின் 6ஆம் பிரிவு. வாங்கியது குற்றம், அந்தப் பொருளோ அவளுடையது.

இனி நீதிமன்றம். 1985 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் தீர்ப்பளித்தது. மனைவியின் ஸ்திரீதனம் (அவளுக்கே உரிய சொத்து) கணவர் வீட்டுக்குள் நுழைந்ததால் பொதுச்சொத்து ஆகிவிடாது, அதைத் திருப்பித் தர மறுப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சார்பில் நீதிபதி முர்தசா பசல் அலி எழுதினார். இந்து மனைவியின் சீர் குறித்து இன்றுவரை எடுத்தாளப்படும் தீர்ப்பை எழுதியவர் ஒரு முஸ்லிம் நீதிபதி என்பது நம் ஒப்பீட்டுக்கு நடுவே நின்று கவனிக்கத்தக்கது. அதைவிட என்னை நிறுத்தியது, மாறுபட்டுத் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி அ. வரதராஜன் என்பது. பட்டியல் சாதியிலிருந்து உச்ச நீதிமன்ற நீதிபதியான முதல் மனிதர். ஜோலார்பேட்டைக்காரர், இதே வட்டாரத்தவர். தனியான ஒப்பந்தமும் வெளிப்படையான ஒப்படைப்பும் இல்லாதபோது, ஒரே வீட்டில் வாழும் கணவனிடம் மனைவி பொருளை ஒப்படைத்ததாக அனுமானித்துக் குற்றவியல் சட்டத்தை ஏவ முடியாது என்றார் அவர். அவர் கருத்து சட்டமாகவில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைக் கருத்தையே மீண்டும் உறுதிசெய்தது. அது சரியென்றே நானும் கருதுகிறேன். ஆனால் நம் வீடுகளில் நடப்பதை உள்ளபடி பார்த்தவர் வரதராஜன்தான். மாமியார் பீரோவில் மருமகள் நகையை வைக்கும்போது யாரும் ரசீது கேட்பதில்லை.

பிரதிபா ராணி தீர்ப்புக்கு மறு ஆண்டு, 1986இல், முஸ்லிம் பெண்கள் மணவிலக்கு உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஷா பானு தீர்ப்பு தந்த ஜீவனாம்ச உரிமையைப் பறிக்க வந்த சட்டம் என்றே அது நினைவுகூரப்படுகிறது. ஜீவனாம்சத்தைப் பொறுத்தவரை அந்தக் குற்றச்சாட்டுக்கு 2001இல் டேனியல் லத்தீபி வழக்கு ஓரளவு விடை சொல்லிவிட்டது. பொருள்களைப் பொறுத்தவரை அச்சட்டத்தை நாம் சரியாகப் படிக்கவே இல்லை. திருமணத்துக்கு முன்னும், திருமணத்தின்போதும், பின்னும், பெண்ணின் உறவினரோ நண்பரோ, கணவனோ கணவனின் உறவினரோ நண்பரோ கொடுத்த எல்லாச் சொத்தும் அவளுக்கு உரியது என்கிறது அதன் 3ஆம் பிரிவு. மஹரும் அதிலேயே வருகிறது. மாஜிஸ்திரேட் ஒரு மாதத்துக்குள் ஆணையிட வேண்டும். மீறினால் சிறை உண்டு. இந்துப் பெண்ணின் சீரை இவ்வளவு கோவையாக வரிசைப்படுத்தி மீட்டுத்தரச் சொல்லும் பிரிவு இந்துத் திருமணச் சட்டத்தில் இல்லை. அதன் 27ஆம் பிரிவோ தம்பதியர் இருவருக்கும் கூட்டாக உரிய அன்பளிப்புகளைப் பற்றி மட்டும் பேசுகிறது.

ஆனால் 1986ஆம் ஆண்டின் கதவு மணவிலக்கு ஆனபிறகுதான் திறக்கும். கருகமணிப் பெண் இன்னும் மனைவி. அவளுக்கு அந்த 3ஆம் பிரிவு இப்போது உதவாது. தாலிப் பெண்ணுக்கோ மணமுறிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இந்த இடைவெளியை நிரப்பியது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம். வன்முறைக்கு ஆளான எந்த மதத்துப் பெண்ணும் மணவாழ்வு தொடரும்போதே அதன் 19ஆம் பிரிவின் கீழ் ஸ்திரீதனத்தையும் தனக்குரிய பிற சொத்தையும் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம். நகையை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, வங்கி லாக்கரைத் திறக்கக் கூடாது என்றும் தடை வாங்கலாம். பொருளாதார வதையும் வன்முறையே என்று அச்சட்டம் சொல்வதால், உடலில் காயம் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. நடைமுறையில் இந்தத் தடை ஆணைதான் முதலில் தேவைப்படுவது. பெண் வெளியேறிய வாரமே நகை கணவன் பெயரில் நகைக்கடனுக்குப் போய்விட்டால், பிறகு கேட்பது நகையை அல்ல, அதன் விலையை.

ஆனால் நீதிமன்றப் படி ஏறும் முன் இருவரும் போகும் இடங்கள் வேறு. ஒருத்தி அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகிறாள். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அந்த ஏற்பாடு இன்று மாநிலமெங்கும் இருக்கிறது. மற்றவள் தரப்பார் பெரும்பாலும் முதலில் ஜமாஅத்துக்கு எழுதித் தருகிறார்கள். அங்கே பள்ளிவாசல் முத்தவல்லியும் நிர்வாகிகளும், இங்கே ஆய்வாளர். அங்கே இரு மஹல்லாக்களின் பெரியவர்கள்; இங்கே இரு தரப்பு உறவினரும் ஊர்ப் பிரமுகரும். சட்டப்படி காவல் நிலையம் குற்றத்தை விசாரிக்கலாம். சொத்தைப் பங்கிட முடியாது. ஜமாஅத் சமரசம் பேசலாம்; ஆணையிட முடியாது. ஷரீஅத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் குலாவுக்கு, அதாவது மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்குக்கு, சான்றிதழ் தர முடியாது, குடும்ப நீதிமன்றத்துக்கே போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆயினும் வேன் அமர்த்திக் கட்டிலையும் பீரோவையும் ஏற்றிவரும் வேலை பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் முடிவாகிறது. விரைவு என்பது இரண்டுக்கும் உள்ள உண்மையான சிறப்பு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இந்த இரு அறைகளிலும் நடக்கும் ஒரு காரியம் வியப்பூட்டுகிறது. ஒரு தாளை எடுத்து எழுதுகிறார்கள்: செயின் ஒன்று, வளையல் நான்கு, குத்துவிளக்கு இரண்டு, மிக்சி, பட்டுப்புடவை இத்தனை. இரு தரப்பும் கையெழுத்திடுகிறார்கள். 1985 விதிகள் கேட்ட பட்டியல் இதுதான். திருமண நாளில் எழுத வேண்டியது பிரிவு நாளில் எழுதப்படுகிறது. அதன் கடைசி வரியும் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே: இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை. ஜீவனாம்சத்தையும் சேர்த்து விட்டுக்கொடுக்கும் அந்த வரிக்காகவே சில வீடுகள் அண்டாவைக்கூடப் பிடித்து வைக்கின்றன. குலா கேட்கும் பெண் மஹரை விட்டுத்தருவது மரபு அறிந்த முறை. இந்துச் சட்டத்தின் பரஸ்பர சம்மத மணமுறிவில் பெண் எதையும் விட்டுத்தர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆனால் கணவனின் கையெழுத்து வேண்டுமே என்று நகையை விட்டுவிடும் பெண்கள் உண்டு. முன்னதில் விலை வெளிப்படை. பின்னதில் அதே விலை, பெயரில்லாமல்.

விட்டுக்கொடுக்காதவர்கள் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் இரு அண்மைத் தீர்ப்புகள் சான்று. 2024 ஏப்ரலில் ஒரு கேரள இந்துப் பெண்ணின் 89 பவுன் வழக்கு முடிந்தது. முதலிரவிலேயே பத்திரமாக வைப்பதாகச் சொல்லிக் கணவர் நகையை வாங்கித் தம் தாயிடம் தந்தார் என்பது அந்தப் பெண்ணின் வாதம். 2003இல் நடந்த திருமணம். நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2025 டிசம்பரில் ஒரு வங்காள முஸ்லிம் பெண்ணின் வழக்கு. 2005இல் நடந்த திருமணம். பணமும் 30 பரி (வங்காளத்துத் தங்க எடை அளவு) தங்கமும் 1986 சட்டத்தின்படி அவருக்கே என்று தீர்ப்பாயிற்று. இரண்டிலும் கீழே வென்று, உயர் நீதிமன்றத்தில் தோற்று, மேலே வென்றார்கள். இரண்டிலும் திருமணத்திலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டு. இரண்டிலும் சிக்கல் சான்றில்தான்: முன்னதில் எழுத்தே இல்லாத ஒப்படைப்பு; பின்னதில் பதிவேடு இருந்தும், கொடுத்தது மணமகளிடமா மணமகனிடமா என்ற கேள்வி. முன்னதில் நீதிமன்றம் சொன்னது எல்லா வீடுகளுக்கும் பொருந்தும்: புதுமணப்பெண் நகையை நம்பித் தருவது இயல்பு, குற்ற வழக்கின் அளவுக்கு ஐயமற்ற சான்று கேட்கக் கூடாது, நிகழ்ந்திருக்கக்கூடியது எது என்று பார்த்தால் போதும்.

தோல் தொழில் வட்டாரத்துக்கே உரிய ஒன்று மிச்சமிருக்கிறது. இங்கே நம் இரு பெண்களும் சம்பளக்காரர்கள். தவணையில் வாங்கிய ஃபிரிட்ஜ், கட்டிய சீட்டு, சேர்த்த தங்கக்காசு எல்லாம் அவர்கள் உழைப்பில் வந்தவை. யாரும் கொடுத்தவை அல்ல. அவை குறித்து இருவருக்கும் சட்டத்தில் வேறுபாடில்லை, சொந்தக் காசில் வாங்கியது சொந்தப் பொருள். பில் யார் பெயரில் என்பதுதான் கேள்வி. அது பெரும்பாலும் கணவன் பெயரில் இருக்கும். பிஎஃப் பணத்தை மட்டும் எந்தப் பீரோவிலும் பூட்ட முடியாது. அந்தக் கணக்கோடு இணைந்த கைபேசி எண் யாருடையது, நியமனதாரராக (நாமினி) யார் பெயர் இருக்கிறது என்பதை இருவரும் உடனே பார்க்க வேண்டும்.

காகிதங்களையும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், பிள்ளையின் பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம். நகையைப் போல் இவற்றுக்கு விலை இல்லை என்பதால் ஒப்படைப்புப் பட்டியலில் இவை விடுபட்டுப் போகின்றன. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் இவற்றையும் பெயர் சொல்லிக் கேட்கலாம். இவற்றைவிடக் கடினமானது ரேஷன் கார்டு. கணவர் வீட்டு அட்டையிலிருந்து பெயர் நீங்கினால்தான் தாய்வீட்டு அட்டையில் சேரவோ தனி அட்டை வாங்கவோ முடியும். மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் அட்டையை வைத்தே வழங்கப்படுகிறது. மஹர் எழுதிய பதிவேடும் மொய் நோட்டும் இதற்கு உதவா. இருவரும் ஒரே வட்ட வழங்கல் அலுவலகத்தில் ஒரே விண்ணப்பத்தைத்தான் தர வேண்டும்.