இரும்பின் ஒழுங்கும் இரு தீர்ப்புகளும்

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க மைய அரசு 2015இல் ஒப்புதல் அளித்தது. மலையைக் குடைந்து, 50,000 டன் இரும்பை அடுக்கி, அதனை மாபெரும் காந்தமாக்குவதே திட்டம். மலைக்கும் நீருக்கும் கேடு நேருமென மக்கள் அஞ்சி எதிர்த்தனர். 2022இல் தமிழக அரசும் தன் மறுப்பை உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அவ்வழக்கினுள் நாம் புகவில்லை. இரும்பு ஏன் காந்தமாகிறது என்னும் கேள்வியின் வரலாற்றையே சொல்ல முனைகிறோம்.

இரும்பின் ஒவ்வோர் அணுவும் ஒரு நுண்காந்தம். அண்டை அணுக்கள் ஒரே திசை நோக்கி நிற்க விழைகின்றன. வெப்பமோ அவற்றைக் கலைக்கிறது. ஏறத்தாழ 770 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமே வெல்கிறது. காந்தத் தன்மை மறைகிறது. இதனை நிலைமாற்றம் என்பர்.

இதனைக் கணக்கிட, மேலோ கீழோ மட்டும் நோக்கும் நுண்காந்தங்களின் மாதிரியை 1920இல் லென்ஸ் வகுத்தார். ஒரே வரிசையில் நிற்பவற்றில் நிலைமாற்றம் இல்லையென அவர் மாணவர் எர்ன்ஸ்ட் ஈசிங் 1925இல் நிறுவினார். அது மெய். முப்பரிமாணத்திலும் இல்லையென அவர் முடிவு கட்டியதே பிழை. வரிசையில் ஓரிடம் முறிந்தால் அப்பால் உள்ளவை அனைத்தும் பிரிந்துவிடும். தளத்திலோ, மாறி நிற்கும் கூட்டம் தன் எல்லை முழுவதும் எதிர்ப்பைச் சந்திக்கிறது. 1936இல் பையர்ல்ஸ் இதனைக் காட்டினார். 1944இல் ஆன்சாகர் தளத்திற்குரிய விடையைத் துல்லியமாகக் கண்டார். யூதரான ஈசிங்கோ, 1933இல் ஹிட்லர் ஆட்சியில் பணியிழந்து, லக்சம்பர்க்கில் அடைக்கலம் புகுந்து, பின்னர் அமெரிக்கா சென்றவர். தம் மாதிரி புகழ்பெற்றதை 1949இல்தான் அறிந்தார்!

இரண்டாம் தீர்ப்பு 1966இல் வந்தது. எத்திசையும் திரும்பவல்ல நுண்காந்தங்கள் தளத்தில் ஒருமுகப்பட்டு நில்லா என மெர்மினும் வாக்னரும் நிறுவினர். இதில் பிழையில்லை. ஆயினும் 1970களின் தொடக்கத்தில் சோவியத் நாட்டின் பெரெசின்ஸ்கியும், பர்மிங்காமின் காஸ்டர்லிட்சும் தவுலசும் ஒரு விந்தையைக் கண்டனர். குளிரில், எதிரெதிராய்ச் சுழலும் சுழல்கள் இணையிணையாகப் பிணைந்திருக்கின்றன. சூடேறினால் இணை பிரிகின்றன. ஒருமுக ஒழுங்கு பிறவாமலே நிலை மாறுகிறது. 1978இல் ஹீலியப் படலத்தில் நடந்த சோதனை இதனை மெய்ப்பித்தது. பின்னிருவரும் 2016இல் நோபல் பரிசு பெற்றனர். பெரெசின்ஸ்கி 1980இலேயே மறைந்துவிட்டார்.

ஒழுங்கு இல்லை என்பது வேறு, மாற்றம் இல்லை என்பது வேறு. 'இல்லை' என்னும் தீர்ப்பு எதுவரை செல்லும் என்று அளந்தறிவதே அறிவியல். அதற்கு மலையைக் குடைய வேண்டுவதில்லை. 1956இல் உத்தமபாளையத்தில் தோன்றிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியின் மாணவருக்கும் தாளும் எழுதுகோலும் போதும்.