ஓர் ஆறும் ஐந்து அரசுகளும்

ஆறு எல்லைக்கோட்டை அறியாது. மேற்கரையார் கொட்டிய கழிவு கீழ்க்கரையார் குடிநீரில் வந்து சேர்தல் உலகியல்பு. இவ்வுண்மையை ஐரோப்பிய மக்கள் ரைன் நதிக்கரையில் கற்ற வரலாற்றை இங்கு ஆராய்வோம்.

ஆல்ப்ஸ் மலையிற் பிறந்து, சுமார் 1,230 கிலோமீட்டர் ஓடி, ஹாலந்து தேசத்தில் வடகடலைச் சேர்வது ரைன். முன்னாளில் சால்மன் மீன்கள் கடலினின்று எதிரேறி வந்து அதில் முட்டையிட்டன. அவை குறைவது கண்டு 1885-ஆம் ஆண்டில் ஜெர்மனி, ஹாலந்து, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகள் உடன்படிக்கை செய்தன. அது மீன்பிடித் தொழிலைக் கட்டுப்படுத்திற்றேயன்றி ஆலைக்கழிவைத் தொடவில்லை. மீனைக் காக்க முனைந்தவர்கள் மீன் வாழும் நீரை மறந்தனர். விளைவு யாது? நீர் கெட்டது, அணைகளும் வழிமறித்தன, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சால்மன் அந்நதியில் அற்றுப்போயிற்று.

1950-இல், பெரும்போரின் புண் ஆறாத காலத்தில், ஜெர்மனி, பிரான்ஸ், ஹாலந்து, லக்சம்பர்க், சுவிட்சர்லாந்து ஆகிய ஐந்து அரசுகளும் கூடி ரைன் பாதுகாப்புக் குழுவை நிறுவின. நேற்றைய பகைவர் ஒரே மேசையில் அமர்ந்தது பெருஞ்செயலே. ஆயினும் காரியம் மெல்லவே நடந்தது. பிரான்ஸின் பொட்டாஷ் சுரங்கங்கள் ஆற்றில் விட்ட உப்பைக் குறைக்க 1976-இல் கையெழுத்தான ஒப்பந்தம், 1985-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் செலவில் நூற்றுக்கு 34 பங்கை ஏற்றது உப்பைக் கொட்டிய நாடன்று. உப்புநீரால் துன்புற்ற ஹாலந்தே! இது நீதியாகுமோ என வாசகர் வினவலாம். முழுநீதி அன்றுதான். எனினும் முறையீட்டோடு நில்லாது சுமையிலும் தோள் கொடுத்தவர் ஹாலந்தினர் என்பதை மறுத்தற்கில்லை.

1986 நவம்பர் 1-ஆம் நாள் பாசல் நகருக்கருகே சாண்டோஸ் இரசாயனக் கிடங்கு தீப்பற்றிற்று. தீயணைத்த நீரோடு பூச்சிகொல்லி நஞ்சு ஆற்றிற் பாய்ந்தது. நீர் சிவந்தது, விலாங்கு மீன்கள் எண்ணிறந்தன மாண்டன, கீழ்க்கரை ஊர்கள் ஆற்றுநீர் எடுப்பதை நிறுத்தின. அதன் பின்னரே அரசுகள் விரைந்தன. 1987-இல் வகுத்த செயல்திட்டம், முதன்மையான நஞ்சுகளை 1995-க்குள் பாதியாகக் குறைப்பதென்றும், 2000-க்குள் சால்மன் மீளச் செய்வதென்றும் இலக்குக் குறித்தது. கழிவுநீர் நிலையங்கள் எழுந்தன. அணைகளில் மீன்வழிகள் அமைந்தன. சால்மனும் திரும்பிற்று. மேல் ரைனின் சில அணைகள் இன்றும் அதன் வழியை மறித்தே நிற்கின்றன.

1885-இன் உடன்படிக்கையும் தாளில் எழுதியதே; 1987-இன் திட்டமும் தாளில் எழுதியதே. முன்னது விளைவைத் தொட்டது. பின்னது காரணத்தைத் தொட்டு, அளவும் கெடுவும் குறித்தது. வேற்றுமை இதுவே. அதனை உணர அவர்களுக்கு நூறாண்டும் ஒரு பெருந்தீயும் வேண்டியிருந்தன. ஓராற்று நீரைப் பகிர்ந்துண்ணும் ஏனைய நாட்டாரும் அத்தகைய தீக்குக் காத்திருத்தல் அறிவுடைமை ஆகுமோ?